மூன்றாவது கை

விடியும் முன்பே அந்தத் தெருவில் தகர வாடை எழுந்துவிடும். அதை முதலில் எழுப்பிவிடுகிறவள் எண்ணெய்யக்காதான். தொழிற்சாலையின் பக்கக் கதவைத் தோளால் முட்டித் திறந்து, விளக்கைப் போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எண்ணெய்க் குவளையோடு முதல் பிரஸ்ஸின் அடியில் குனிவாள். டப்பா மூடி அடிக்கிற பிரஸ்கள் அவை. உலகத்தில் எந்த டப்பாவுக்கும் மூடி வேண்டும். அதை யார் அடித்தார்கள் என்று திறக்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டு, பழைய துணியால் துடைத்துக்கொண்டு போவாள். தகரப் பிசிறு செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறும். நகக்கண்ணில் கறுப்பு உறைந்து, எந்தச் சோப்புக்கும் அசையாது. அந்தக் கையால் போடும் சோற்றில் எண்ணெய் வாடை வருகிறதென்று வீட்டில் நாத்தனார் மூக்கைச் சுளிப்பாள். சுளித்துக்கொண்டே இரண்டாவது தடவையும் போட்டுக்கொள்வாள்.

எண்ணெய் விட்டு முடித்ததும் அடுத்த வேலை, கை கட்டுவது.

பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். ஒன்று வலது ஓரம், ஒன்று இடது ஓரம். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே தொங்கும் இரும்புத் தலை இறங்கி, கீழே அச்சில் வைத்த தகரத்தை மூடியாக அடிக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்க வழியில்லை. மெஷினைச் செய்தவன் புத்திசாலி. ஆனால் அவன் முதலாளியில்லை. மூடிக்கு இவ்வளவு என்றிருந்த கூலியைக் குறைத்து, அடிக்க வேண்டிய மூடியைக் கூட்டிய நாளிலிருந்து, இடது பொத்தானை அழுத்திய நிலையிலேயே பழைய சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டிவிடுவது வழக்கமாயிற்று. வலது கை ஒன்றே மெஷினை ஓட்டும். இடது கை அச்சுக்குள் தகரத்தைத் தள்ளும், மூடியை எடுக்கும். அந்த டியூப் துண்டுக்கு வேலையாட்கள் மூன்றாவது கை என்று பெயர் வைத்திருந்தார்கள். "எனக்கு மூணு கை, ஆனா சம்பளம் மட்டும் முக்கால் கைக்குத்தான்" என்பான் கடைசி மெஷின்காரன் நெட்டை. எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அடிப்பார்கள்.

கட்டு முடிந்ததும் முதலாளியின் அறைக்குப் போய்க் கூட்டிப் பெருக்கி, அங்கிருந்த சின்னக் குளிர்பெட்டியில் பழைய ஐஸைக் கொட்டிவிட்டுத் தட்டில் புதுத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். அதுவும் அவளுக்கு இட்ட வேலை. பெரிய மனுஷனுக்கு மத்தியானத்தில் ஜில்லென்று குடிக்க வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொள்வாள். மறுநாள் பார்த்தால் தட்டில் ஒரு கட்டிகூடக் குறைந்திருக்காது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமுமில்லை.

அன்று காலையும் எல்லாம் அப்படியே நடந்தது. நாத்தனார் சண்டையோடுதான் வந்தாள். புருஷன் விட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டில் வந்து ஒண்டியவள். ஒண்டியவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே எல்லாரையும்விட வேகமாக மூடி அடிப்பவள். அண்ணன் லாரியில் மாதக்கணக்காக ஊர் சுற்றிக்கொண்டிருந்ததால், வீட்டில் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

"இறுக்கிக் கட்டுங்க அண்ணி. நேத்து பாதியில நழுவிடுச்சு. எனக்கு மட்டும் ஏன் தளர்த்திக் கட்டறீங்க?"

"உனக்குன்னு தனியா வேற கட்டறாங்களா? நீ இழுக்கற இழுப்புக்கு எந்தக் கட்டுதான் நிக்கும்?" என்றாள் எண்ணெய்யக்கா. சொல்லிக்கொண்டே இன்னொரு சுற்று இறுக்கினாள்.

அந்தச் சுற்றைத்தான் பிறகு அவளால் மறக்க முடியவில்லை.

உச்சி வேளைக்கு முன்பு அச்சுக்குள் ஒரு மூடி மாட்டிக்கொண்டது. நாத்தனாரின் இடது கை அதை நெம்பி எடுக்க உள்ளே போனது. வலது கை, நாளெல்லாம் ஒரே வேலை செய்து பழகிய வலது கை, தன் பாட்டுக்கு இறங்கிப் பொத்தானைத் தொட்டது. அவ்வளவுதான். எல்லா மெஷின் சத்தத்தையும் மீறி ஒரு அலறல் எழுந்தது. எண்ணெய்யக்கா குவளையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேரும் முன் மேற்பார்வையாளன் வந்துவிட்டான். அவனை எல்லாரும் விசில் என்பார்கள். அரசாங்க ஆய்வாளர் வாசலில் தலைகாட்டினால் இரண்டு தடவை விசிலடிப்பான். எல்லாரும் டியூப்பை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டு உத்தமர்களாக நிற்க வேண்டும். அந்த விசில் அன்று ஒரு கையில் மூடி போட்ட டப்பா நிறைய ஐஸும், மறு கையில் சுத்தமான துணியும் பிளாஸ்டிக் பையுமாக வந்து நின்றான். இங்கும் அங்கும் தேடவில்லை, தடுமாறவில்லை. அறுந்து கிடந்த நான்கு விரல்களையும் பொறுக்கிப் பையில் போட்டு ஐஸில் புதைத்தான். அந்த நேரத்தில் அவன் எல்லாருக்கும் தெய்வமாகத் தெரிந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். "ஐஸ் சரியா வெச்சிருக்காங்க. ஆனா எல்லாம் நசுங்கிப் போச்சும்மா. தைக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

வராந்தாவில் நின்றவர்கள் ஐஸ் தயாராக இருந்ததற்கு முதலாளியைப் புகழ்ந்தார்கள். இவ்வளவு முன்யோசனை எந்த முதலாளிக்கு வரும் என்றார்கள். எண்ணெய்யக்காவும் தலையாட்டினாள். பிற்பாடு அதை நினைத்து வெட்கப்பட்டாள்.

போலீஸ் வந்தபோது எந்தப் பொத்தானிலும் டியூப் இல்லை. கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாருடைய கவனக்குறைவு என்பதில்கூட முதலாளிக்கு வேறு கருத்து இருந்தது. அந்தப் பெண் பராக்குப் பார்த்தாள் என்றார்.

தொழிற்சங்கத்தின் மூலம் வக்கீலம்மா வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்த தேநீரை ஆறவிட்டு, எல்லாவற்றையும் கேட்டார். நாத்தனார் சுவரோரம் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இதுல சட்டம் ஒரு இடத்துல ரெண்டாப் பிரியுது. ரெண்டு பேருக்குமே ஆபத்து இருக்குன்னு தெரியும்னு வெச்சுக்கங்க. ஒருத்தன், 'தெரியும், ஆனா அப்படியெல்லாம் நடக்காது'ன்னு நெசமாவே நம்பிச் செய்யறான். அது தெரிஞ்சு செஞ்ச அலட்சியம். தப்புதான், ஆனா தண்டனை கம்மி. இன்னொருத்தன், 'நடந்தா நடக்கட்டும், எனக்கு என் வேலை ஆகணும்'னு செய்யறான். கை போகணும்னு அவன் ஆசைப்படல. ஆனா போனாலும் சரின்னு முடிவு பண்ணிட்டான். அது வேணும்னே செஞ்ச கணக்குல வரும்" என்றார் வக்கீலம்மா.

"முதலாளி ரெண்டாவது ஆளுதான். விசிலடிச்சு மறைக்கச் சொன்னாரே!" என்றான் கூட வந்திருந்த நெட்டை.

"விசிலடிக்கச் சொன்னது, அவருக்கு ஆபத்து தெரியும்னு காட்டும். தெரிஞ்சு மனசுக்குள்ள என்ன நினைச்சாருன்னு காட்டாது. 'நான் நம்பினேன், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்'னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிப்பாரு. மனசைத் திறந்தா பார்க்க முடியும்? அந்த மனசு வெளியில எங்கயாவது ஒரு காரியத்துல தெரிஞ்சிருக்கணும்."

"அதுக்கு முன்னாடி கட்டினது யாருன்னு கேளுங்க!" நாத்தனார் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "இந்த மகராசிதான். தினமும் கட்டினாங்க. அன்னைக்கும் கட்டினாங்க. இவங்க மனசுல என்ன இருந்துச்சாம்?"

நீதானே இறுக்கச் சொன்னாய் என்று எண்ணெய்யக்காவுக்கு நாக்கின் நுனி வரை வந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிட்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததேயில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உன் நாத்தனார் எப்படி இருக்கா?"

"இருக்கா ஐயா."

"வக்கீல் வெச்சிருக்கீங்களாம். நான் வேணும்னே செஞ்சேன்னு கேஸை மாத்தப் போறீங்களாம். நல்லா மாத்துங்க. ஆனா ஒண்ணு யோசிச்சியா? வேணும்னே செஞ்சதுன்னு ஆச்சுன்னா, செஞ்ச கை யாருது? நான் என்னைக்காவது டியூப்பைத் தொட்டிருக்கேனா? கட்டினது நீ. கேஸு பெருசானா முதல்ல உள்ள போறது நீதாம்மா. கவனக்குறைவுன்னே இருந்துட்டா உனக்கும் நல்லது."

"நீங்க கட்டச் சொன்னீங்க ஐயா."

"மேற்பார்வையாளர் சொல்லியிருப்பாரு. எனக்கென்ன தெரியும்?"

"அவரு உங்க பேரைச் சொல்லித்தான் சொன்னாரு."

முதலாளியின் முகத்திலிருந்த சர்க்கரை கரைந்தது. "வாய் நீளுதே! நான் யாருக்காவது கெடுதல் நினைச்சிருக்கேனா? இந்தத் தெருவுல வேற எந்த கம்பெனியிலயாவது ஐஸ் இருந்துச்சா? ஒரு நிமிஷத்துல விரலை ஐஸ்ல வெச்சோம். டாக்டரே பாராட்டினாரு. கெட்டது நினைக்கறவனா இதையெல்லாம் செய்வான்?"

எண்ணெய்யக்கா மூலையில் முனகிக்கொண்டிருந்த குளிர்பெட்டியைப் பார்த்தாள். காலையில் அவள் ஊற்றிய தண்ணீர் அதற்குள் உறைந்துகொண்டிருந்தது.

"அந்த ஐஸ் நீங்க குடிக்கறதுக்குன்னு நினைச்சேன் ஐயா."

"நானா? எனக்கு ஐஸ் ஆகவே ஆகாது, தொண்டை கட்டிக்கும். உங்களுக்காகத்தான் வெச்சேன்!" பெருமையாக மார்பைத் தொட்டுச் சொன்னார்.

அவளுக்கு ஒரு காலைப்பொழுது ஞாபகம் வந்தது. கூலியைக் குறைத்த மறுநாள். விசில் ஒரு கை நிறைய டியூப் துண்டுகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டான். 'எண்ணெய், இன்னையிலிருந்து உனக்கு ரெண்டு வேலை கூடுதல். இதை எல்லா மெஷின்லயும் கட்டணும். ஐயா ரூம்ல தினமும் புது ஐஸ் வைக்கணும். ரெண்டும் ஐயா சொன்னது.' ஒரே மூச்சில்தான் சொன்னான். அவள்தான் அவற்றை இரண்டு வேலையாக நினைத்திருந்தாள்.

"என்ன முழிக்கறே? நாளைக்குக் காலையில பழையபடி கட்டிடு. போலீஸ் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. உன் நாத்தனார் மெஷினுக்குப் புதுப் பொண்ணு ஒண்ணு வருது. ஆர்டர் தேங்கிக் கிடக்கு."

"ஐஸ்?"

"அதையும் வை. அதுல என்ன கேள்வி?" என்றார் முதலாளி.

அவள் எழுந்து வெளியே வந்தாள். அவள் வாழ்க்கையில் யாரையும் இப்படி வெறுத்ததில்லை.

சாயங்காலம் வக்கீலம்மா வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். நாத்தனாரும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. "இது ரெண்டு பக்கமும் வெட்டும். அவங்க வக்கீல் இதையே தூக்கிப் பிடிப்பாரு. 'பாருங்க, எவ்வளவு அக்கறை, ஐஸ் வரைக்கும் தயாரா வெச்சிருந்தாரு'ம்பாரு."

"அக்கறை இருந்தா டியூப்பை அவுத்திருக்கணும்" என்றாள் எண்ணெய்யக்கா. "அவுக்கறதுக்குக் கத்திரிக்கோல் போதும். அதைச் செய்யல. விரல் போகும்னு தெரிஞ்சு, போனா எதுல போட்டு எடுத்துட்டுப் போறதுன்னுதான் யோசிச்சிருக்காரு."

"சரி. நீங்க சொல்லுங்க, நான் கோர்ட்டுல பேசறேன். ஆனா இதைச் சொல்லணும்னா, ஐஸும் டியூப்பும் ஒரே நாள்ல வந்துச்சுன்னு சொல்லணும்னா, 'நான்தான் கட்டினேன்'னும் சொல்லியாகணும். உங்க மேலயும் கேஸு வரலாம். வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

நாத்தனார் சுவரை விட்டு முன்னால் நகர்ந்தாள். குரலில் விஷம் இருந்தது. "இப்பவாவது சொல்லுங்க அண்ணி. நேராச் சொல்லுங்க. கட்டும்போது உங்களுக்கும் தெரியும்ல, கை போகும்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கட்டினீங்க?"

"தெரிஞ்சுதான் கட்டினேன்." எண்ணெய்யக்கா அவள் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "ஒவ்வொரு நாளும் உன் மெஷின்ல கட்டும்போது வயித்துல பகீர்னு இருக்கும். அப்புறம் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்குவேன். இவளுக்குக் கை சுறுசுறுப்பு, இவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. நம்பினேன்டி. சத்தியமா நம்பினேன். நம்பினது தப்பு. அந்தத் தப்புக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும், வாங்கிக்கறேன். ஆனா நான் நம்பிக் கட்டினேன். அவரு நம்பாம கட்டச் சொன்னாரு. நம்பற ஆளு எதுக்கு தினமும் புது ஐஸ் வைக்கச் சொல்றாரு?"

வக்கீலம்மா அன்றும் ஆறவிட்டிருந்த தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

நாத்தனாரின் மனம் ஆறிவிடவில்லை. அவ்வளவு சீக்கிரம் ஆறுகிற காயமில்லை அது. "நானும் இறுக்கிக் கட்டச் சொன்னேன். அதையும் சொல்லுங்க. ஒண்ணும் மறைக்க வேணாம்" என்றாள் கடைசியில். பிறகு, "தலை பின்னி விடுங்க. ஒத்தைக் கையில வரல" என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் எண்ணெய்யக்கா வழக்கம்போல் எண்ணெய் விட்டாள். மூட்டுக்கு மூட்டு விட்டுத் துடைத்தாள். மெஷின் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஒவ்வொரு மெஷினின் மேலும் விசில் புதிதாக நறுக்கி வைத்திருந்த டியூப் துண்டு காத்துக்கொண்டிருந்தது. அவள் தொடவில்லை. முதலாளியின் அறைக்குப் போய் ஐஸ் தட்டை எடுத்துக் கழுவித் துடைத்து, தண்ணீர் ஊற்றாமல் அவருடைய மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள்.

ஆட்கள் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். தான் கட்டியதையும் மறைக்காமல் சொன்னாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "வீட்டுல வாடகை கேக்கறாங்க அக்கா. ரெண்டு கையால அடிச்சா பாதி மூடிகூட வராது" என்றாள் ஒருத்தி அழாக்குறையாக. யாரும் அவளைத் திட்டவில்லை. அது எல்லாருடைய வீட்டிலும் உள்ள கதைதான்.

புதுப் பெண் நாத்தனாரின் மெஷின் முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். துடைத்துத் துடைத்தும் அச்சின் விளிம்பில் ஒரு பழுப்புக் கறை போகாமல் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெட்டை தன் மெஷின் மேலிருந்த டியூப் துண்டை எடுத்துக் கீழே போட்டான். "எனக்கு ரெண்டு கை போதும். மூணாவதை வெச்சு நான் எந்தக் கோட்டையும் கட்டல" என்றான். யாரோ சிரித்தார்கள். அடுத்த மெஷினிலும் டியூப் விழுந்தது. வாடகைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னுடையதையும் தூக்கி எறிந்தாள்.

முதலாளி வந்து பார்த்தபோது மேஜை மேல் தட்டு கவிழ்ந்து கிடந்தது. கூடத்துக்கு வந்து கத்தினார்.

"யாரு செஞ்ச வேலை இது?"

"நான்தான் ஐயா. இனிமே ஐஸ் கிடையாது" என்றாள் எண்ணெய்யக்கா. "இப்ப நான் வாக்குமூலம் குடுக்கப் போறேன். வக்கீலம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

"அந்தக் கதவைத் தாண்டினா திரும்பி உள்ள வர முடியாது. உன்னை முதல் குற்றவாளியா நிக்க வைப்பேன், பாரு."

"நிக்கறேன். உங்க பக்கத்துலயே நிக்கறேன். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு தெரியும்."

"அவங்களை உள்ள விடலைன்னா மெஷினுக்கு எண்ணெய் யாரும் விட மாட்டோம். எண்ணெய் இல்லாம எவ்வளவு நாள் ஓட்டறீங்கன்னு பார்க்கலாம்" என்றான் நெட்டை.

"எல்லாரையும் வெளிய தள்ளிட்டு வேற ஆளைக் கொண்டாருவேன்!"

"கொண்டாங்க. வர்றவங்ககிட்டயும் நாங்க வாசல்ல நின்னு சொல்லுவோம், ஐஸ் எதுக்குன்னு" என்றாள் வாடகைக்காரி. சொன்ன பிறகு தன் தைரியத்தைப் பார்த்துத் தானே மிரண்டு போனாள். ஆனாலும் பின்வாங்கவில்லை.

விசில் வாயில் வைத்த விசிலை ஊதவில்லை. எத்தனை தடவை ஊதுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் பின்னிய சடை இன்னும் கலையாமல் இருந்தது. "என்ன, துரத்திட்டாரா?" என்றாள்.

"திரும்பி வந்தா உள்ள விட மாட்டாராம்."

"நல்லது. வீட்டுல உக்காந்து எண்ணெய் வாடை இல்லாம சோறாக்குங்க" என்றாள் நாத்தனார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனாலும் நல்ல கையால் அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் தெருவில் நடந்தார்கள். வழக்கு எப்படிப் போகுமென்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் திரும்பினால் அந்தக் கதவு அவளுக்குத் திறக்குமா என்பதும் தெரியாது. தெருமுனை வரை போனதும் பின்னால் பிரஸ்கள் ஓட ஆரம்பித்தன. நாத்தனார் நின்றாள். தினமும் சடசடவென்று மூச்சுவிடாமல் அடிக்கும் சத்தம் இல்லை அது. ஒரு அடி விழுந்து, கொஞ்சம் பொறுத்து, அடுத்த அடி விழுந்தது.

நாத்தனார் கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள்.

"ரெண்டு கையாலயும் அடிக்கறாங்க அண்ணி" என்றாள்.